ஒரு பாட்டுக்குள் எத்தனை பேர்

(ரெங்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம், திருமுறை, மிஞ்சிப்போனால் பாரதி என்பதுதான் வழக்கம். கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையைப் பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டபோது அமைப்பாளர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு, "அதிலே நம்ம காவடிப் பாட்டும் வருமா ஐயா?" என்று கேட்டார்கள். வரும். அங்கே போய்ச் சேரத்தான் இவ்வளவு தூரம் சுற்றப்போகிறேன்.

ஒரு பாட்டில் சொல் இருக்கிறது, மெட்டு இருக்கிறது. இரண்டும் அப்படியே இருக்க, பாட்டு மட்டும் வேறொன்றாக மாறிவிடுவதை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். அதற்கு நம்மிடம் கைவசம் ஒரு விளக்கம் உண்டு: இழுத்துப் பாடினால் சோகம், விரட்டிப் பாடினால் குதூகலம். சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வேகமும் வாத்தியக் கூட்டும் மாறும்போது முதலில் மாறுவது, பாட்டுக்குள் நின்று பேசுகிற ஆள். உணர்ச்சி அந்த ஆளின் பின்னால்தான் வருகிறது.

சோல் இசை இதைக் காட்டுகிற அளவுக்குத் தெளிவாக வேறெதுவும் காட்டுவதில்லை. காரணம் எளிது. 1960களில் அமெரிக்காவில் ஒரே பாட்டை ஒரே நிறுவனம் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று பேரிடம் கொடுத்துப் பாடவைக்கும். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனம் இதில் பேர்போனது. நார்மன் விட்ஃபீல்டும் பாரெட் ஸ்ட்ராங்கும் சேர்ந்து எழுதிய 'ஐ ஹியர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தன் துணை தன்னை விட்டுப் போகப்போகிற செய்தி ஊர் வாய் வழியாகக் காதில் விழுகிறது, அவ்வளவுதான் விஷயம். 1966இல் ஸ்மோக்கி ராபின்சன் குழுவினர் பாடிப் பதிவு செய்தார்கள். 1967இல் மார்வின் கே பாடினார். அந்தப் பதிவை நிறுவனம் வெளியிடாமல் வைத்துக்கொண்டது. அதே ஆண்டு கிளாடிஸ் நைட் தன் 'பிப்ஸ்' குழுவோடு பாடியது வெளிவந்து பெரிய வெற்றி கண்டது. மார்வின் பாடியது மறு ஆண்டு ஒரு இசைத்தட்டின் நடுவில் ஒன்றாக வந்து, வானொலிக்காரர்கள் அதையே திரும்பத் திரும்பப் போட, தனித் தட்டாக வெளியிட வேண்டியதாயிற்று. ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது.

கிளாடிஸ் பாடுவது தேவாலய வேகம். பியானோ துள்ளுகிறது, கஞ்சிரா போன்ற டாம்பரின் விடாமல் அடிக்கிறது, பின்னால் ஆண்கள் ஒவ்வொரு வரிக்கும் பதில் போடுகிறார்கள். அவர் பஞ்சாயத்தில் நிற்கிறார். சாட்சிகள் கூடவே இருக்கிறார்கள். "என்ன சேதி, எனக்கும் தெரியும்" என்று ஊர் பார்க்கக் கேட்கிற பெண் அவர். மார்வினிடம் வேகம் இறங்குகிறது. எலக்ட்ரிக் பியானோ அடித்தொண்டையில் முனகுவதுபோல ஒரு சிறு சுற்று வாசிக்கிறது. வயலின்கள் தூரத்தில் வருகின்றன. விட்ஃபீல்ட் இன்னொரு காரியமும் செய்தார்: மார்வினுக்கு வசதியான சுருதியைவிட உயரத்தில் பாட்டை வைத்தார். குரல் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமம் காதில் விழுகிறது. இப்போது பஞ்சாயத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே பேசுகிற ஒருவன். சொல் அதே சொல்.

வேகம்தான் எல்லாவற்றையும் செய்கிறது என்று இதைக் கேட்டு யாராவது முடிவு கட்டிவிடக்கூடாது. 'ரெஸ்பெக்ட்' பாட்டைப் பாருங்கள். ஓட்டிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடியது. வேலை முடித்து வீடு திரும்புகிற ஆண், "எனக்குக் கொஞ்சம் மரியாதை கொடு" என்று மனைவியிடம் கேட்கிற பாட்டு. 1967இல் அரீதா ஃபிராங்க்ளின் அதைப் பாடினார். இரண்டுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டில்தான் இருக்கிறது வித்தியாசம். அரீதாவின் தங்கை கேரலினும் அக்கா எர்மாவும் பின்னால் நின்று குறுக்கிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஓட்டிஸ் பாட்டில் இல்லாத ஒரு சாக்ஸபோன் பகுதி நடுவில் நுழைகிறது. அதன் அடிப்படைச் சுரக்கட்டை வேறொரு சோல் பாட்டிலிருந்து எடுத்து வைத்தார்கள். பிறகு வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நிற்க, அந்த ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரித்துச் சொல்கிறார். அதுவும் மூலத்தில் கிடையாது. மூன்று பெண்கள் சேர்ந்து கேட்கும்போது அது வீட்டுக்குள் நடக்கிற கெஞ்சலாக இருக்க முடியாது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டமும் பெண்கள் இயக்கமும் அந்தப் பாட்டைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டன. எழுதிய ஓட்டிஸே அந்த ஆண்டு மான்டெரி இசை விழா மேடையில், ஒரு பெண் என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போன பாட்டு என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத்தான் பாடினார்.

அரீதாவின் தந்தை டெட்ராய்டில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர். ஒருவர் சொல்ல, சபை பதில் சொல்லும் பாட்டு முறையில் வளர்ந்தவர் அரீதா. நம் ஊர்ச் சாமி ஊர்வலத்தில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதும் அதே அமைப்புதான். பின்வரிசையில் உருமியோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகள் தலையாட்டுவது தெரிகிறது.

பாட்டின் வேகத்தைப் பாடகர் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பழைய கிராமபோன் தட்டில், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பத்து அங்குலத் தட்டில், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம். எஸ்.ஜி.கிட்டப்பாவின் தட்டுகளில் அந்தப் பிருகா அப்படிப் பறப்பதற்கு அவருடைய தொண்டை ஒரு காரணம். தட்டு முடிவதற்குள் முடிக்க வேண்டும் என்பதும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். நெட்டிசைத்தட்டு வந்த பிறகு அமெரிக்காவில் ஐசக் ஹேஸ் என்பவர், டியோன் வார்விக் 1964இல் மூன்று நிமிடத்துக்குள் பாடி முடித்த 'வாக் ஆன் பை' பாட்டை, 1969இல் பன்னிரண்டு நிமிடத்துக்கு இழுத்தார். டியோன் தெருவில் அழுகையை மறைத்துக்கொண்டு நடந்து போகிறவர். ஐசக் ஹேஸ் நடக்கவே முடியாமல் நின்றுவிட்டவர்.

தமிழுக்கு வருகிறேன். 'அன்னக்கிளி' 1976இல் வந்தது. இளையராஜாவின் முதல் படம். அதில் 'அன்னக்கிளி உன்னைத் தேடுதே' இரண்டு முறை வருகிறது. ஒன்று எஸ்.ஜானகி, இன்னொன்று டி.எம்.சௌந்தரராஜன். சோகத்துக்கு ஒன்று, சந்தோஷத்துக்கு ஒன்று என்று அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகத்தில் போட்டுவிடுவார்கள். கேட்டுப் பாருங்கள். ஜானகியின் பாட்டில் அன்னக்கிளி தன்னைத் தானே பேர் சொல்லிக்கொண்டு தேடுகிறாள். கிராமத்துப் பெண்கள் அப்படிப் பேசுவது உண்டு. டி.எம்.எஸ். குரலில் அதே பல்லவி வரும்போது, அவளை வெளியே நின்று பார்க்கிற யாரோ ஒருவர் அவளுக்காகப் பரிந்து சொல்கிறார். அவள் இப்போது பேசவில்லை. அவளைப் பற்றிப் பேசப்படுகிறது. ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்லும் இடத்திலிருந்து இறங்கிவிட்டாள் என்பதுதான் அங்கே உண்மையான சோகம். மெதுவாகப் பாடியது அதற்குத் துணை போகிறது, அவ்வளவே.

'நாயகன்' படத்தில் 'நிலா அது வானத்து மேலே' பாட்டைப் பாதி வேகத்தில், தாளக்கருவி எதுவும் இல்லாமல், வீட்டில் பாடிப் பாருங்கள். குத்தாட்டப் பாட்டு தொட்டில் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். அதே மெட்டுக்குள் ஒரு தாயும் இருக்கிறாள். ஆனால் இன்றைக்குத் தொலைக்காட்சிப் போட்டிகளில் 'அன்பிளக்ட்' என்ற பெயரில் நடப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. தாளத்தை எடுத்துவிட்டு ஒரு கிதாரை வைத்து, வரிக்கு வரி மூச்சை இழுத்துவிட்டால் பாட்டு ஆழமாகிவிடாது. யார் பேசுகிறார் என்று முடிவு செய்யாமல் வேகத்தை மட்டும் குறைத்தால் பாட்டுக்குத் தூக்கம்தான் வரும். கைத்தொலைபேசியில் பிள்ளைகள் கேட்கிற, வேகத்தைக் குறைத்து எதிரொலி ஏற்றிய பழைய பாட்டுகளும் பெரும்பாலும் இப்படித்தான். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். சிலது என்னையும் உட்காரவைத்திருக்கிறது.

நம் மலேசிய நாட்டுக் கதை இன்னும் சுவாரசியமானது. பினாங்கிலிருந்து கிளம்பிய 'அலிகேட்ஸ்' குழுவை இங்கே தெரியாதவர்கள் இருக்க முடியாது. டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும், பெரிய சுருட்டை முடியோடு, 1970களில் ஹாங்காங் இரவு விடுதிகளில் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடிப் பழகியவர்கள். பிறகு மலாய்க் காதல் பாட்டுகளுக்கு வந்தார்கள். நாடே அவர்களோடு சேர்ந்து பாடியது. அந்த மலாய்ப் பாட்டுகளில் பித்தளை ஊதுகருவிகள் நுழைகிற இடமும், சோல் பாடகரைப்போல லோகா ஒரு எழுத்தின் மேல் குரலைச் சற்றே தாமதித்து இறக்குகிற இடமும் ஹாங்காங் மேடையில் கற்ற பாடம் என்றே எனக்குப் படுகிறது. 2007இல் லோகா மறைந்தபோது மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் தங்கள் வீட்டுப் பாடகரை இழந்ததாகப் பேசினார்கள்.

அதற்கு ஓர் ஆண்டு முன்பு, 2006இல், யோகி பி-யும் நட்சத்திரா குழுவும் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். அதில்தான் 'மடை திறந்து' புது உருவில் வந்தது. மூலம் 1980இல் 'நிழல்கள்' படத்துக்காக எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியது. வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஓர் இசைக்கலைஞனின் கனவுப் பாட்டு. யோகி பி அதன் பல்லவியை வைத்துக்கொண்டு, கீழே கனமான ஹிப்ஹாப் அடியைப் போட்டு, நடுவில் தமிழ் ராப்பை நிறுத்தினார். மூலத்தில் ஒரே ஒருவன் கனவு காண்கிறான். இங்கே ஒரு கூட்டம் வந்து சேர்ந்துவிட்டதை அறிவிக்கிறது. கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட அந்த அறிவிப்பு சென்னைவரை கேட்டது. தமிழ் ராப் என்றால் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். ஹிப்ஹாப்காரர்கள் பழைய சோல் தட்டுகளிலிருந்து துண்டு வெட்டி எடுத்துத்தான் தங்கள் இசையைக் கட்டினார்கள் என்பதை நினைத்தால், யோகி பி இளையராஜாவின் தட்டிலிருந்து வெட்டியது அந்தப் பரம்பரைத் தொழில்தான்.

இனி காவடி.

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இளம் வயதிலேயே மறைந்த கவிஞர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போகும்போது வழியில் பாடுவதற்காக அவர் இயற்றியவைதான் காவடிச் சிந்து. அதாவது நடந்துகொண்டே பாட எழுதிய பாட்டு. அதன் தாளத்தை எண்ணிப் பாருங்கள்: மூன்று மூன்றாக ஓடும், தகிட, தகிட. (மேசையில் தட்டிக் காட்டுகிறார்.) ஒவ்வொரு காலடிக்கும் மூன்று சிற்றெண்ணிக்கை. முதல் எண்ணிக்கையில் கால் தரையில் படும். மிச்சம் இரண்டில் தோளில் இருக்கும் காவடி ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வரும். வலக்காலுக்கு ஒரு மூன்று, இடக்காலுக்கு ஒரு மூன்று. பாரம் சுமக்கிறவனுக்குத் தோள் வலி தெரியாமல் இருக்க இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

ஓட்டிஸ் ரெடிங்கிடம் திரும்பிப் போனால் அங்கேயும் இந்த மூன்று நிற்கிறது. 1965இல் வந்த 'ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்' பாட்டில் ஒவ்வொரு பெரிய அடிக்குள்ளும் மூன்று சிறிய அடி. மிக மெதுவாக. கறுப்பினத்தவரின் தேவாலயத்து மெதுவான பாட்டுகளில் இது சர்வ சாதாரணம். அந்த மூன்றுக்குள் இடம் இருக்கிறது. குரல் அங்கே தங்கலாம், தடுமாறலாம், மூச்சு வாங்கலாம். காவடிச் சிந்துவில் காவடி ஆடுகிற இடமும் ஓட்டிஸின் குரல் நடுங்குகிற இடமும் தாளக்கணக்கில் ஒன்றுதான்.

கச்சேரி மேடைக்கு வந்ததும் காவடிச் சிந்து கடைசியில் பாடும் துக்கடா ஆயிற்று. அருணா சாய்ராம் போன்றவர்கள் பாடும்போது அரங்கம் எழுந்து நிற்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாடுகிறவர் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். தோளில் பாரம் இல்லை. ஆகவே வேகம் கூடுகிறது. சுமக்கிறவர் விலகி, சுமப்பவரை ரசிக்கிறவர் பாட்டுக்குள் வந்துவிட்டார்.

இந்தப் பக்கம் நம் தைப்பூசத்தில் வேறொன்று நடந்தது. ரெங்கத்தைச் சுற்றிய தோட்டங்களில், கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வருவதற்கு முன், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நாலு பேர் காவடிச் சிந்து மெட்டில் பாடுவார்கள். காவடி தோட்டத்துக் கோயிலிலிருந்து பெரட்டுக் களத்தைச் சுற்றி வரும். இன்றைக்கு உருமி மேளம் வந்திருக்கிறது. உருமியின் ஒரு தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழுகிற அந்த உறுமல் வேறெந்தக் கருவியிலும் கிடையாது. குழுவாக, சீருடையோடு, ஒலிபெருக்கியோடு இளைஞர்கள் வாசிக்கிறார்கள். வேகம் ஏறியிருக்கிறது. வேகம் ஏற ஏற மூன்றை மூன்றாக வைத்திருப்பது கடினம். நடுவில் உள்ள எண்ணிக்கை நசுங்கும். ஒரு கட்டத்தில் மூன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சினிமாக் குத்துப்பாட்டின் நேரான அடியில் வந்து நிற்கும்.

(இந்த இடத்தில் உருமிக் குழுவினர் ஒரே பல்லவியை மூன்று வேகங்களில் வாசித்துக் காட்டினர்.)

நன்றி தம்பிகளா. மூன்றாவது வேகத்தில் ஆடத் தோன்றியதல்லவா? ஆடலாம், தப்பில்லை. பெரியவர்கள் உருமி மேளத்தைத் திட்டும்போது சத்தம், ஒழுங்கின்மை, சினிமா மெட்டு என்று மூன்றையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. வேலைக்காகத் தோட்டம் விட்டுப் பட்டணத்துக்குப் போன பிள்ளைகள் கூட்டமாக ஒன்றுசேர அவர்களுக்குக் கிடைத்த முதல் வாத்தியம் உருமி. அந்த வேகத்தில் பேசுகிறவர் காவடி சுமப்பவர் அல்ல. அவரைச் சூழ்ந்து வருகிற நண்பர் கூட்டம். அதற்கும் ஒரு பாட்டு வேண்டும்தான். ஆனால் அது காவடிக்காரருக்கான வேகம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாசியுங்கள். பத்துமலையில் 272 படி ஏறுகிறவரின் முகத்தைப் பார்த்தாலே எவ்வளவு வேகம் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பக்கத்தில் சிங்கப்பூரில் என்ன நடந்தது என்றும் பார்க்கவேண்டும். அங்கே தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973 முதல் தடை இருந்தது. 2016இல்தான் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அந்த நீண்ட இடைவெளியில் அங்கே காவடி நிற்கவில்லை. கருவி இல்லாத இடத்தில் அரோகராவும் கைதட்டும்தான் தாளம். கைதட்டி வாயால் பாடும்போது யாராலும் ரொம்ப நேரம் விரட்ட முடியாது, மூச்சு விடாது. தடை நல்லதென்று சொல்ல வரவில்லை. கருவியை எடுத்துவிட்டால் பாட்டு சுமப்பவரின் மூச்சுக்குத் திரும்பும் என்பதற்கு அது சாட்சி.

எல்லாப் பாட்டும் இப்படி வளையும் என்றும் இல்லை. அருணகிரிநாதரின் திருப்புகழை எடுத்துக்கொள்ளுங்கள். குறில், நெடில், ஒற்று எல்லாவற்றையும் அடுக்கியே சந்தம் கட்டிவிட்டார். மெதுவாகப் பாடுங்கள், வேகமாகப் பாடுங்கள், சொல்லுக்குள் இருக்கிற தாளம் அதே இடத்தில் இடிக்கும். பேசுகிற ஆளை மாற்ற அது இடம் கொடுக்காது. அதனால்தான் உருமிக் குழுக்கள் திருப்புகழை அதிகம் தொடுவதில்லை என்பது என் ஊகம். கூட்டத்துக்கு வேண்டியது இரண்டு சொல், ஒரு பதில்.

இந்த அறக்கட்டளையிடம் ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் காவடிப் பாட்டு பாடிய பெரியவர்கள், அம்மாமார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பதிவு செய்யவேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். செய்கிறபோது நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒலிவாங்கியை நீட்டிப் பாடச் சொல்லாதீர்கள். முடிந்தவர்களை நடக்கவிட்டுப் பாடச் சொல்லுங்கள். தோளில் ஒரு கம்பாவது இருக்கட்டும். நடக்க முடியாதவர்களின் பக்கத்தில் பேரப்பிள்ளை ஒருவன் நடந்து காட்டட்டும்; அவன் காலைப் பார்த்துப் பாடுவார்கள். எந்தப் பாதை, மேடா இறக்கமா, கூட யார் தாளம் போட்டார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். அதே பாட்டை உட்கார்ந்தும் ஒருமுறை பாடச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சேமியுங்கள். உருமித் தம்பிகள் அந்த இரண்டு பதிவையும் கேட்கட்டும்; அதன்பிறகு எந்த வேகம் என்று அவர்களே முடிவு செய்யட்டும்.